மோட்டார் ரூம் சந்து

வாம்மா, உள்ள வா. செருப்பை அங்கயே விடு, ஒண்ணும் ஆகாது, ஒண்ணாம் நம்பர் கேமரா பாத்துக்கும். அந்த முகத்துல சுத்தியிருக்கிற துப்பட்டாவை மட்டும் எடுத்துடு. வண்டியில வர்றப்போ தூசிக்குச் சுத்திக்கிறது சரி, ஆனா நம்ம கேமராப் பெட்டி ஆளைக் கண்டுபிடிக்க மாட்டேங்குது. அப்படியே அந்தச் சிவப்பு டைல்ஸ் மேல நின்னு ரெண்டு செகண்டு மேல பாரு. ஆச்சு. கேட்டியா, போன் சொல்லுது: முன்வாசல், புதிய நபர். பேர் என்னன்னு சொன்ன, ரேணுகாவா? போட்டுக்கறேன். இனிமே நீ எப்ப வந்தாலும் ரேணுகான்னே சொல்லும்.

உக்காரு. காப்பி கலக்கட்டுமா? வீட்டை அப்புறம் பாக்கலாம், வீடு எங்க ஓடிப் போகுது. மூணு போர்ஷனும் காலியாத்தான் இருக்கு. மாடியில ரெண்டு, கீழ பின்பக்கம் ஒண்ணு. எது வேணுமோ எடுத்துக்க. இந்த உறையூர்ல இவ்வளவு தண்ணி வர்ற வீடு வேற கிடையாது. சமையல் எது வேணா சமைச்சுக்கலாம், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உன்னை அனுப்பினாரே புரோக்கர், அவர் என்ன சொல்லி அனுப்பினார்? ஒண்ணும் சொல்லலையா? கேமரா அம்மா வீடுன்னு சொல்லியிருப்பாரே. சொல்லட்டும். அஞ்சு மாசத்துல பதினோரு பேரை அனுப்பினார், ஒருத்தரும் ரெண்டாம் தடவை இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. இதான் கடைசி ஆள், இதுக்கு மேல என்னை விட்டுடுங்கம்மான்னு நேத்து போன்ல சொல்லிட்டார். அதனால உன்கிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லிடலாம்னு பாக்கறேன். எனக்கு இந்த வீட்டுக்கு ஆள் வரணும். வாடகைக்காக இல்ல, பென்ஷன் வருது. காரணம் வேற. சொல்றேன்.

அந்தச் சத்தமா? ரேடியோம்மா. எங்க வீட்டுக்காரர் பாத்ரூம்ல இருக்கார். காலையில டிபன் முடிச்சுட்டுப் போனார், மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார். பயப்படாத, உடம்புக்கு ஒண்ணுமில்ல. அவருக்கு அங்கதான் காத்து நல்லா வருதாம். ஸ்டூல், பேப்பர், விசிறி, ரேடியோ, எல்லாத்தையும் அங்க கொண்டு போயிட்டார். போன வாரம் மணி பிளாண்ட் கூட ஒண்ணு வச்சிருக்கார். வயசானா ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு எடம் பிடிச்சுப் போகுது, நாம என்ன சொல்றது. பாத்ரூம்ல மட்டும் நான் கேமரா வைக்கல. எனக்கும் இங்கிதம் தெரியும்.

முதல்ல ஒரே ஒரு கேமராதான் வச்சேன். வாசல்ல நந்தியாவட்டை நிக்குது பாரு, காலையில நான் சாமிக்குப் பறிக்கப் போனா செடியில ஒரு பூ இருக்காது. தினமும் இதே கதை. எனக்குத் தெருவுல அத்தனை பேர் மேலயும் சந்தேகம். கேமரா வச்ச மறுநாளே ஆள் மாட்டிடுச்சு. யாருங்கற? எங்க வீட்டுக்காரர். அவரே பறிச்சு, காம்பவுண்டு சுவருக்கு மேல பக்கத்து வீட்டு அம்மாகிட்ட குடுக்கிறார். அந்தம்மாவுக்கு முட்டி வலி, கேட்டாங்க, குடுத்தேங்கறார். குடுத்தது தப்பில்ல. என்கிட்ட சொல்லாம குடுத்தார் பாரு, அதான் எனக்குத் தாங்கல. அன்னிக்கே ஹால்ல ரெண்டாவது கேமரா மாட்டச் சொல்லிட்டேன். அப்படி ஆரம்பிச்சு மாடிப்படி, மொட்டைமாடி, தண்ணித் தொட்டி, வண்டி நிறுத்தற எடம்னு பதினஞ்சு ஆச்சு.

எனக்கு இது புதுசு இல்லம்மா. டெலிபோன் ஆபீஸ்ல முப்பத்திரண்டு வருஷம் இருந்தவ நான். இப்ப மாதிரி நேரா நம்பர் அழுத்தறதெல்லாம் அப்ப ஏது. வெளியூர் பேசணும்னா எங்ககிட்டத்தான் சொல்லணும், நாங்கதான் லைன் போட்டுத் தரணும். டிரங்க் கால்னு பேரு. ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்தா ஒரு ஊரோட நல்லது கெட்டது எல்லாம் காது வழியாப் போகும். ஒட்டுக் கேட்டேன்னு நினைக்காத. லைன் சரியா இருக்கான்னு பாக்கறதுக்குக் கேக்கணும். சில லைன் சரியா இருக்கான்னு தெரிய முழுசாவே கேக்க வேண்டியிருக்கும். யாருக்குக் கல்யாணம் நின்னு போச்சு, யார் புள்ளை பரீட்சையில கோட்டை விட்டான், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சு நான் யாருக்காவது கெடுதல் பண்ணியிருக்கேனா? ஒருத்தர் நல்லா இருக்காங்களான்னு தெரிஞ்சு வச்சுக்கிறது பிரியம் இல்லையா? எனக்குப் பிரியம் காட்ட வேற வழி தெரியாதும்மா.

இங்க இருந்தவங்க மேலயும் பிரியமாத்தான் இருந்தேன். மாடி முன்பக்கம் ஹேமலதான்னு ஒரு பொண்ணு, அவ வீட்டுக்காரர் கதிரேசன். மாடி பின்பக்கம் அந்தோணிராஜ், மருந்து கம்பெனி ரெப், தனி ஆள். கீழ பின்பக்கம் ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர் பத்மநாபன். வீட்டுக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் வச்சு, தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு நான் அதுல எழுதுவேன். 'இன்றைய நடமாட்டம்'னு தலைப்பு. ரேடியோ செய்தி மாதிரி சுருக்கமா இருக்கும். ஆறு பத்துக்கு அந்தோணிராஜ் வந்தார், முகம் வாட்டமாக இருந்தது, மேனேஜர் திட்டினாரா? டிராயிங் மாஸ்டர் இன்று மூன்று முறை கடைக்குப் போனார், மூன்று முறையும் வெறுங்கையுடன் திரும்பினார். இப்படி. அக்கறையாக் கேப்பேன். யாரும் பதில் போட மாட்டாங்க. படிச்சதுக்கு நீல டிக் மட்டும் விழும்.

அதுல வந்ததுதான் ஹேமலதா விஷயம். ஒரு வாரமா கவனிக்கறேன், அந்தப் பொண்ணு மாடிப்படி ஏறும்போது கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஏறுது. முன்னாடியெல்லாம் ரெண்டு ரெண்டு படியாத் தாவும். பைக்ல ஏற மாட்டேங்குது, ஆட்டோவுல வருது. பையில எலுமிச்சம்பழம். வாஷ்பேசின் பக்கம் போயிட்டுப் போயிட்டு வருது. நான் காலண்டரைப் பாத்துக் கணக்குப் போட்டேன். நாப்பத்தேழு நாள். அன்னிக்கு நடமாட்டத்துல முதல் செய்தியே அதான். வாழ்த்துகள்னு போட்டு ரோஜாப்பூ படம் போட்டேன். சர்க்கரைப் பொங்கல் பண்ணி ஒரு தூக்குல மேல அனுப்பினேன். ஊர்ல தனியா இருக்காங்களேன்னு அவ மாமியாரையும் அந்த குரூப்ல நான்தான் சேத்து விட்டிருந்தேன். மூணு மாசம் முடியாம வெளிய சொல்லக் கூடாதுன்னு எனக்கும் தெரியும்மா. வெளிய எங்க சொன்னேன், வீட்டு குரூப்லதானே சொன்னேன்.

அந்தப் பொண்ணு தூக்கைத் திறக்கக் கூடச் செய்யாம கீழ கொண்டு வந்து வச்சா. இந்தச் சோபாவுல, நீ உக்காந்திருக்கிற எடத்துலதான் உக்காந்தா. கத்துவான்னு நினைச்சேன். கத்தல.

"ஏற்கெனவே ரெண்டு தடவை தங்கல ஆன்ட்டி. ரெண்டு தடவையும் ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, அப்புறம் ஒவ்வொருத்தர்கிட்டயா இல்லை, இல்லைன்னு நானே சொன்னேன். இந்தத் தடவை எங்கம்மாகிட்ட கூட சொல்லல. கொஞ்ச நாளைக்கு என்கிட்ட மட்டும் இருக்கட்டும்னு நினைச்சேன். இப்ப எத்தனை கண்ணு என் மேல இருக்கும், சொல்லுங்க."

அழுதா. கண்ணுன்னு சொன்னாளே, அது நியாயம்னு பட்டுச்சு. மறுநாள் காலையில ஆளைக் கூட்டிட்டு வந்து பதினஞ்சு கேமராவுக்குக் கீழயும் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டித் தொங்க விட்டேன். கண்ணு கழியட்டும்னு. ஆடி மாசக் காத்து அப்ப. பதினஞ்சு எலுமிச்சம்பழமும் ஆடுது, கேமரா ஒவ்வொண்ணும் ஆள் வந்துட்டாங்கன்னு நினைச்சு என் போனுக்குச் சொல்லுது. மாடிப்படி, அடையாளம் தெரியாத நபர். மொட்டைமாடி, அடையாளம் தெரியாத நபர். ஒரே நாள்ல நாலாயிரம் பேர். எனக்குப் படபடப்பு வந்து டாக்டர்கிட்ட போனேன். அந்தப் பொண்ணுக்காகத்தான் இவ்வளவும் பண்ணினேன், ஒரு வார்த்தை நன்றின்னு சொல்லல.

அதுக்கப்புறம் எல்லாரும் ஒரு மாதிரி ஆயிட்டாங்க. நீ வெயில்ல குடை பிடிக்கிறதைப் பாத்திருப்ப, மாடிப்படியில குடை பிடிச்சுப் பாத்திருக்கியா? அந்தோணிராஜ் பிடிச்சார். கறுப்புக் குடையை விரிச்சு, தோள் வரைக்கும் இறக்கி, அப்படியே ஏறுவார். பெட்டியில பாத்தா குடை மட்டும் நடந்து போகும். ஏன் சார்னு கேட்டா வெயில் ஒத்துக்கலைங்கறார். மாடிப்படியில ஏது வெயில்? ஒரு மாசத்துல மூணு போர்ஷனும் குடையாப் போச்சு. ரெண்டு குடை எதிரும் புதிருமா வந்தா வழி விட்டு ஒதுங்கி நிக்கும். நான் சும்மா இருப்பேனா? வீட்டுக்குள்ள குடை விரிச்சா தரித்திரம்னு குரூப்ல எழுதினேன். மறுநாளே நின்னு போச்சு.

ஆனா அதுக்கு அப்புறம் நடந்ததுதான் விபரீதம். நான் இதே ஹால்ல, இதே நாற்காலியில உக்காந்து கீரை ஆஞ்சுட்டு இருக்கேன். போன் சொல்லுது: மாடிப்படி, வீட்டு உரிமையாளர். வீட்டு உரிமையாளர்னா நான். நான் இங்க இருக்கேன். கொஞ்ச நேரம் கழிச்சு, மொட்டைமாடி, வீட்டு உரிமையாளர். எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துடுச்சு, எழுந்து போய் மாடிப்படியைப் பாத்துட்டு வந்தேன். ஒருத்தரும் இல்ல. பெட்டியில பாத்தா நான் நடந்து போறேன். பேண்ட் போட்டுக்கிட்டு.

டிராயிங் மாஸ்டர் வேலை. அட்டையில என் முகத்தை அச்சு அசலா வரைஞ்சு, கண்ணுக்கு ஓட்டை போட்டு, எலாஸ்டிக் கட்டி ஆளுக்கு ஒண்ணு குடுத்திருக்கார். மூக்குத்திக் கல் கூட விடல, பாவி மனுஷன். நல்லாத்தான் வரைஞ்சிருந்தார், அதைச் சொல்லணும், பத்து வயசு குறைச்சுத்தான் காட்டியிருந்தார். பெட்டி பாவம், என் முகத்தைப் பாத்தா கேள்வி கேக்காது. ஒருநாள் சாயங்காலம் உக்காந்து எண்ணிப் பாத்தேன். நான் அஞ்சு பேர் ஒரே நேரத்துல வீட்டைச் சுத்திட்டு இருக்கேன். மேல போர்ஷன்கள்லேருந்து மூணு, கீழ பின்பக்கத்துலேருந்து ஒண்ணு. அஞ்சாவது நான் வேட்டி கட்டிக்கிட்டு எங்க சமையல்கட்டு வழியாப் போறேன்.

வேட்டியைப் பாத்ததும் எனக்குப் புரிஞ்சு போச்சு. அவரும் அவங்களோட சேந்துட்டார்.

அஞ்சு நானும் பின்பக்கம் போய், மோட்டார் ரூம்கிட்ட மறைஞ்சு போறாங்க. மோட்டார் ரூமுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவுல ரெண்டடிச் சந்து ஒண்ணு இருக்கு. அங்க கேமரா இல்ல. யார் போவாங்க அங்க, பாசி பிடிச்சுக் கிடக்கும். நான் சத்தம் போடாம பின்னாடியே போனேன். மூலையில நின்னு பாத்தா, பாசியெல்லாம் தேய்ச்சுக் கழுவி, ஆளுக்கு ஒரு முக்காலி போட்டு உக்காந்திருக்காங்க. என் முகத்தைக் கழட்டி மடியில வச்சிருக்காங்க. ஹேமலதா மாங்காய் கடிச்சுட்டு இருக்கா. அந்தோணிராஜ் அவளுக்கு ஏதோ மாத்திரையைப் பத்திச் சொல்லிட்டு இருக்கார். ஒரே சிரிப்பு. நடுவுல எங்க வீட்டுக்காரர். அவர் சிரிச்சு நான் பாத்து எத்தனை வருஷம் ஆச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்லம்மா. அவர் கதை சொல்லிட்டு இருந்தார்.

நான் மூலையிலேயே நின்னுட்டேன். ஒட்டுக் கேக்கல. காது இருக்கு, விழுது.

"அவ குரலைக் கேக்கறதுக்குன்னே டிரங்க் கால் புக் பண்ணுவேன். தூத்துக்குடியில எங்க மாமா கடை நம்பர். கடையைப் பூட்டி ரெண்டு வருஷம் ஆச்சு, யாரும் எடுக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அவ ஒவ்வொரு தடவையும், எடுக்கல சார், மறுபடி போட்டுப் பாக்கட்டுமான்னு கேப்பா. போடுங்கம்மான்னு சொல்லிட்டுக் காத்துட்டு இருப்பேன். நாலு மாசம். அவ முகமே எனக்குத் தெரியாது அப்போ."

அந்தத் தூத்துக்குடிக்காரனை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தினம் சாயங்காலம் நாலு மணிக்கு என் உயிரை வாங்கினவன். ஆபீஸ்ல அவனுக்குப் பைத்தியம்னே பேர் வச்சிருந்தோம். திடீர்னு ஒருநாள் கால் வர்றது நின்னு போச்சு, தொல்லை விட்டுச்சுன்னு எல்லாருக்கும் நான் போண்டா வாங்கிக் குடுத்தேன். கல்யாணம் ஆகி முப்பத்தாறு வருஷம், அந்த ஆள்கூடத்தான் இருக்கேன், எனக்குத் தெரியாது. ஊர்ல எல்லாருக்கும் வந்த போனைக் கேட்டவ நான். எனக்குன்னு வந்த ஒரே போனைத் தப்பான நம்பர்னு நினைச்சு விட்டுட்டேன். சந்தோஷமா, ஆத்திரமான்னு சொல்லத் தெரியல. ரெண்டும்தான்.

அவர் மேல சொன்னார். தரகர் மூலமா நான் யாருன்னு விசாரிச்சுப் பொண்ணு பாக்க வந்தாராம். நான் காப்பி கொண்டு வந்து வச்சேனாம். "அப்ப அவ ஒரு வார்த்தை சொன்னா. அதைக் கேட்டதும் மனசுக்குள்ள ஒண்ணு முடிவு பண்ணினேன். என்னன்னா," அப்படின்னு இழுத்தார். எல்லாரும் குனிஞ்சாங்க. நானும் குனிஞ்சேன். என் கையில இருந்த சனியன் கத்துச்சு: பின்பக்கம், வீட்டு உரிமையாளர்.

முதல் தடவையா அது சரியாச் சொல்லுச்சு.

எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க. அவர் முகத்துல இருந்த சிரிப்பு அப்படியே அணைஞ்சு போச்சு. சொல்லுங்க, என்ன முடிவு பண்ணினீங்கன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னார். அன்னிக்கு நான் என்ன வார்த்தை சொன்னேன், அதையாவது சொல்லுங்கன்னேன். சத்தியமா எனக்கு ஞாபகமே இல்லம்மா. அட்டையை எடுத்து என் கையில குடுத்துட்டு உள்ள போயிட்டார்.

நான் யோசிச்சேன். அவர் மறுபடி ஒருநாள் அதைச் சொல்லுவார். நான் பக்கத்துல இருந்தாத்தானே நிறுத்தறார். இல்லாம இருந்து கேட்டா? நியாயமான யோசனைதானே? அந்தச் சந்துல பதினாறாவது கேமரா வச்சேன். மைக்கோட. எறும்பு நடந்தாக் கூடக் கேக்கும்னு கடைக்காரர் சொன்னார். எறும்புதான் நடந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு ஆள் அந்தப் பக்கம் போகல. தினமும் மூணு மணி நேரம் கேட்டுப் பாத்தேன். காக்கா கத்தும், மோட்டார் ஓடும். ஒரு தடவை பூனை ரெண்டு சண்டை போட்டுச்சு.

ஐப்பசிக்குள்ள மூணு போர்ஷனும் காலி. ஹேமலதா அம்மா வீட்டுக்குப் போயிட்டா. மாசி மாசம் பொண்ணு பொறந்துச்சாம், தாயும் புள்ளையும் சௌக்கியமாம். அவ சொல்லல. இஸ்திரி போடறவர் சொன்னார். எனக்குத் தெரியாமலேயே ஒரு மாசம் ஆகியிருந்துச்சு. நான் அன்னிக்கும் சர்க்கரைப் பொங்கல் பண்ணினேன், யார்கிட்ட குடுத்து அனுப்பறதுன்னு தெரியாம நானே சாப்பிட்டேன்.

இவர்கிட்ட கேக்காம விட்டேனா? கேட்டேன். கெஞ்சினேன். பாத்ரூம்ல ஸ்டூலைக் கொண்டு போன அன்னிக்கு, கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை பதில் சொன்னார்.

"இத்தனை வருஷத்துல உனக்குத் தெரியாம என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான் மரகதம். அதை விட்டுடு."

நான் எங்க எடுத்துக்கிட்டேன்? பாதிதானே கேட்டேன்?

இதாம்மா விஷயம். என்ன, எழுந்துட்ட? துப்பட்டாவைச் சுத்திக்கிற? இரு, காப்பியே குடிக்கலையே நீ. இங்க பாரு ரேணுகா, வாடகையே வேண்டாம். மாடி முன்பக்கம் எடுத்துக்க, காத்து நல்லா வரும். இந்தக் குரூப், நடமாட்டம், எல்லாத்தையும் இன்னிக்கே அழிச்சுடறேன். மாடிப்படியில இருக்கிறதைக் கூடக் கழட்டிடறேன். எனக்காக ஒண்ணே ஒண்ணு பண்ணு. சாயங்காலம் அந்தச் சந்துல போய் ஒரு முக்காலி போட்டு உக்காரு. புது ஆள்னா அவருக்குப் பேச்சு வரும், ரேடியோவை நிறுத்திட்டு மெல்ல வந்து எட்டிப் பாப்பார். பொண்ணு பாக்கப் போனப்போ அந்தம்மா என்ன வார்த்தை சொன்னாங்கன்னு கேளு. கேட்டு வச்சுக்க. என்கிட்ட கூட நீ வந்து சொல்ல வேண்டாம்.

கேமராவா? துணி போட்டு மூடிடறேன்மா. உன் கண்ணு முன்னாடியே மூடறேன், நீயே முடிச்சுப் போடு. மைக் மட்டும் இருக்கட்டும்.